லெனின் படத்துக்குக் கீழே என்ன பாடினார்கள்: சோவியத் கால லித்துவேனியப் பாட்டுத் திருவிழாவைப் பார்ப்பது எப்படி

லித்துவேனியப் பாட்டுத் திருவிழாவின் பழைய சோவியத் காலக் காணொளி ஒன்றை முதல்முறை பார்க்கிற யாருக்கும் குழப்பம்தான் வரும். வளைந்த கூரையின் கீழ் ஆயிரக்கணக்கான பேர் படிப்படியாக நிற்கிறார்கள், பெண்கள் கையால் நெய்த பாவாடையும் இடுப்பில் பூவேலைப் பட்டையும் அணிந்திருக்கிறார்கள், அவர்கள் தலைக்கு மேலேயே லெனின் படமும் சிவப்புப் பதாகையும் தொங்குகின்றன. இது ஆட்சியாளர்களுக்குப் போட்ட கும்பிடா, இல்லை அவர்கள் கண் முன்னாலேயே நடந்த எதிர்ப்பா? பெரும்பாலான பேர் இரண்டில் ஒன்றைச் சொல்லிவிட்டு அடுத்த காணொளிக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு அது வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் மேடையில் நிற்கிற அதே ஆள் ஒரே மாலையில் இரண்டையும் செய்திருக்கிறார், எந்த இடத்தில் எதைச் செய்தார் என்று கவனித்துக் கேட்டால் கண்டுபிடிக்கவும் முடியும்.

நான் ஒரு சேர்ந்திசைக் குழுவில் சில வருடங்கள் பாடியவன். அந்தப் பழக்கத்தில் இந்தத் திருவிழாக்களைப் பார்க்க ஆரம்பித்து, எதைத் தேடணும், எங்கே நிறுத்தித் திரும்பக் கேட்கணும் என்று எனக்கென்று ஒரு முறை வைத்துக்கொண்டேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். லித்துவேனிய மொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒரு காகிதமும் பேனாவும் பக்கத்தில் இருந்தால் போதும்.

காணொளியைத் தொடுவதற்கு முன் ஆண்டுகளை எழுதுங்கள்

பாட்டுத் திருவிழாவை லித்துவேனியர்கள் 'தைனூ ஷ்வென்தே' என்கிறார்கள், 'தைனா' என்றால் பாட்டு. பக்கத்து எஸ்தோனியாவில் இது 1869-லேயே தொடங்கிவிட்டது, லாத்வியாவில் 1873-இல். லித்துவேனியாவில் 1924 வரை இல்லை. ஏன் இவ்வளவு தாமதம்? 1864 முதல் 1904 வரை, நாற்பது ஆண்டுகள், ரஷ்ய ஜார் அரசு லத்தீன் எழுத்தில் லித்துவேனிய மொழியை அச்சிடுவதையே தடை செய்திருந்தது. பிரஷ்யாவில் அச்சிட்ட பிரார்த்தனைப் புத்தகத்தையும் அரிச்சுவடியையும் சாக்கு மூட்டையில் மறைத்து எல்லை தாண்டிக் கொண்டுவந்தவர்கள் இருந்தார்கள், பிடிபட்டால் சிறை, இல்லையென்றால் சைபீரியா. அச்சில் மொழி இல்லாத அந்த நாட்களில் வீட்டிலும் வயலிலும் பாடிய பாட்டு எவ்வளவு பெரிய சேமிப்பாக இருந்திருக்கும் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

சரி, 1924 ஆகஸ்டில் கவுனாஸ் நகரத்தில் முதல் திருவிழா, சுமார் 3,000 பாடகர்கள். நாடு சுதந்திரம் அறிவித்து ஆறு வருடம்தான் ஆகியிருந்தது. அப்புறம் 1928, 1930. பிறகு 1940-இல் சோவியத் படை, 1941-இல் நாஜிகள், 1944-இல் மறுபடி சோவியத். சோவியத் ஆட்சியின் முதல் திருவிழா 1946-இல் நடந்தது. அடுத்து 1950, 1955, 1960 என்று ஐந்தைந்து வருட இடைவெளி, 1985 வரை.

இந்த ஐந்தும் சுழியும் எங்கிருந்து வந்தன என்று பாருங்கள். 1940 ஜூலை 21-ஆம் தேதி, ஒரே கட்சிப் பட்டியலில் 'தேர்ந்தெடுக்கப்பட்ட' சட்டமன்றம் லித்துவேனியாவைச் சோவியத் குடியரசாக அறிவித்தது. அதன் 10-ஆம் ஆண்டு, 20-ஆம் ஆண்டு, 25-ஆம் ஆண்டு நிறைவுகள்தான் இந்தத் திருவிழாக்களுக்குச் சொல்லப்பட்ட காரணம். நாடு பறிபோன நாளைக் கொண்டாடும்படி அந்த நாட்டுக்காரர்களையே மேடையேற்றிப் பாட வைத்திருக்கிறார்கள்.

எந்தக் காணொளியைப் பார்த்தாலும் அதன் ஆண்டுக்குப் பக்கத்தில் அப்போது ஊரில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று ஒரு வரி எழுதுங்கள். 1950 என்றால்: காட்டில் சோவியத் ஆட்சிக்கு எதிரான கெரில்லாப் போர் ஓடிக்கொண்டிருந்தது, அது 1953 வரை நீடித்தது, இரண்டு வருடம் முன்பு 1948 மே மாதத்தில் மட்டும் சுமார் 40,000 பேரைக் குடும்பம் குடும்பமாக ரயிலேற்றிச் சைபீரியாவுக்கு அனுப்பியிருந்தார்கள். 1975 என்றால்: மூன்று வருடம் முன்பு, 1972 மே 14 அன்று, கவுனாஸில் ரோமாஸ் கலந்தா என்ற 19 வயதுப் பையன் சோவியத் ஆட்சியை எதிர்த்துத் தீக்குளித்து இறந்து, இளைஞர்கள் தெருவில் இறங்கி, நூற்றுக்கணக்கானோர் கைதாகியிருந்தார்கள். இந்த ஒரு வரி இல்லாமல் பார்த்தால் எல்லாத் திருவிழாவும் ஒன்றுபோலவே தெரியும்.

இடத்தைக் கவனியுங்கள்

1924-இல் கவுனாஸில் நடந்தது ஏன்? தலைநகரமான வில்னியஸ் அப்போது போலந்து வசம். 1939-இல் ஸ்டாலின்தான் அந்த நகரத்தை லித்துவேனியாவிடம் கொடுத்தார், அடுத்த வருடமே நாட்டையே எடுத்துக்கொண்டார். 1946 முதல் திருவிழா வில்னியஸில். கிராமங்களிலிருந்து வந்த பல பாடகர்களுக்கு, பாட்டன் காலத்திலிருந்து கேள்விப்பட்டு மட்டுமே இருந்த தலைநகரத்தில், சொந்த மொழியில், கூட்டமாக நின்று பாடக் கிடைத்தது. சோவியத் அரசு தன் வசதிக்குச் செய்த ஏற்பாடு, வில்னியஸை லித்துவேனியர்களின் மனதில் அவர்களுடைய ஊராக்க உதவியது.

இங்கே இன்னொன்றையும் மறக்கக் கூடாது. போருக்கு முன் வில்னியஸில் பெரும்பான்மையாக வாழ்ந்தவர்கள் போலந்துக்காரர்களும் யூதர்களும். யூதர்களில் மிகப் பெரும்பாலானோரை நாஜிகளும் அவர்களுக்கு உதவிய உள்ளூர்க்காரர்களும் நகரத்துக்கு வெளியே பனேரியாய் காட்டில் சுட்டுக் கொன்றார்கள். போலந்துக்காரர்களில் பலர் போருக்குப் பின் வெளியேற்றப்பட்டார்கள். மேடையில் இருக்கிற கூட்டத்தைப் பார்க்கும்போது அதில் இல்லாதவர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள், அப்போதுதான் 'தேசிய அடையாளம்' என்ற சொல்லுக்குள் யார் அடங்கினார்கள், யார் அடங்கவில்லை என்பது புரியும்.

நிகழ்ச்சி நிரலை வரிசைப்படி படியுங்கள்

நிரல் கிடைத்தால் பாட்டுகளை மூன்று குறியால் பிரியுங்கள். கட்சி, லெனின், ஸ்டாலின், 'மக்களின் நட்பு' பற்றியவை ஒரு குறி. லித்துவேனிய இசையமைப்பாளர்களின் பழைய படைப்புகள் ஒரு குறி. நாட்டுப்புறப் பாட்டுகள் ஒரு குறி. பெரும்பாலும் முதல் வகை ஆரம்பத்தில் குவிந்திருக்கும். முதலில் கட்சிக்கு வரி கட்டு, அப்புறம் உன் பாட்டைப் பாடிக்கொள். 'வடிவத்தில் தேசியம், உள்ளடக்கத்தில் சோஷலிசம்' என்பது ஸ்டாலின் காலத்துச் சூத்திரம், அந்தச் சூத்திரம்தான் பாவாடையையும் பட்டையையும் நாட்டுப்புற மெட்டையும் மேடையில் அனுமதித்தது. வடிவம் என்று அவர்கள் நினைத்து விட்டுவைத்ததற்குள்தான் பாடுகிறவர்களுக்கு உள்ளடக்கம் இருந்தது.

வரி கட்டியவர்களை உடனே துரோகி என்று எழுதிவிடாதீர்கள். யூவோசாஸ் தல்லட்-கெல்ப்ஷாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1924-இன் முதல் திருவிழாவை உருவாக்கியவர்களில் அவர் ஒருவர். அதே மனிதர் 1947-இல் ஸ்டாலினைப் புகழ்ந்து பெரிய சேர்ந்திசைப் படைப்பு எழுதினார், அடுத்த வருடம் ஸ்டாலின் பரிசு வாங்கினார், 1949-இல் இறந்தும் போனார். அவர் பயந்து எழுதினாரா, நம்பி எழுதினாரா, திருவிழா உயிரோடு இருந்தால் போதும் என்று எழுதினாரா? அதைத் தீர்ப்பாகச் சொல்ல நமக்கு உரிமை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அந்த இரண்டு ஆண்டுகளையும், 1924, 1947, ஒரே பெயருக்குப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு பார்த்தால் மேடையில் நிற்கிற மற்றவர்களையும் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்பீர்கள்.

இந்த ஒரு பாட்டில் மட்டும் நிறுத்துங்கள்

நேரம் குறைவு என்றால் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு இதை மட்டும் செய்யுங்கள். 'லியெதுவா பிரங்கி' என்று ஒரு பாட்டு. 'அன்பான லித்துவேனியா' என்று பொருள். வரிகள் மைரோனிஸ் எழுதியவை, அவர் கத்தோலிக்கப் பாதிரியார், 1932-இல் இறந்தவர். மெட்டு யூவோசாஸ் நவ்யாலிஸ் உடையது, அவர் கவுனாஸ் பேராலயத்தில் ஆர்கன் வாசித்தவர். கடவுள் இல்லை என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த ஓர் ஆட்சியின் விழாவில், பாதிரியார் எழுதி, கோயில் ஆர்கன்காரர் மெட்டமைத்த பாட்டு ஒலித்திருக்கிறது.

மெதுவான பாட்டு, பிரார்த்தனை போலப் போகும். முதல் தடவை சும்மா கேளுங்கள். இரண்டாவது தடவை முதல் வரியின் பொருளைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள்: அன்பான லித்துவேனியா, என் தாய்நாடே, வீரர்கள் கல்லறைகளில் உறங்கும் நாடே. மைரோனிஸ் நினைத்தது நடுக்காலத்து மன்னர்களையும் படைவீரர்களையும். தணிக்கைக்காரர் கேட்டாலும் அதையே சொல்லலாம், ஐநூறு வருடம் முந்தைய கதைதானே என்று. ஆனால் பாடுகிறவர்களின் ஊர்களில், 1940-களின் கடைசியில், சுட்டுக்கொன்ற கெரில்லாக்களின் உடல்களைச் சந்தைத் திடலில் கிடத்தி வைத்தார்கள். அந்த வழியாகப் போகிற தாயோ தங்கையோ அழுகிறார்களா என்று பார்ப்பதற்கு ஆள் நிறுத்தியிருந்தார்கள், அடையாளம் காட்டிக்கொண்டால் அடுத்த ரயிலில் அந்தக் குடும்பமும் போகும். பிறகு உடல்களை எங்கேயோ குழியில் போட்டு மூடினார்கள். கல்லறையே கிடைக்காத அண்ணனுக்கு, வீரர்கள் கல்லறைகளில் உறங்கும் நாடே என்று அரசு மேடையில், அரசு அனுமதியோடு பாடக் கிடைத்த வரி அது. நான் இந்த வரியை எப்போது கேட்டாலும் இதை நினைக்காமல் கேட்க முடிவதில்லை.

மூன்றாவது தடவை பாடகர்களை விட்டுவிட்டுப் பார்வையாளர்களைப் பாருங்கள். இந்தப் பாட்டு தொடங்கியதும் எழுந்து நிற்பது சோவியத் காலத்தில் வழக்கமாகிவிட்டது. யாரும் உத்தரவு போட்டு நிற்கவில்லை. எழுதப்படாத தேசிய கீதமாக அது மாறியிருந்தது.

எழுதப்பட்ட தேசிய கீதம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். காகிதத்தில் ஒரு காலி இடம் விட்டு வையுங்கள், அது பாடப்படாத பாட்டுக்கு. வின்ஸாஸ் குதிர்கா என்ற மருத்துவர், பத்திரிகையாளர், அச்சுத் தடைக் காலத்திலேயே 1898-இல் எழுதிய 'தவுதிஷ்கா கியெஸ்மே' தான் சுதந்திர நாட்டின் கீதம். வியப்பான விஷயம், போருக்குப் பிறகும் சில வருடங்கள் சோவியத் லித்துவேனியா அதையே வைத்திருந்தது. 1950-இல் புதிய கீதம் வந்தது, அதில் லெனினும் ஸ்டாலினும் இருந்தார்கள், பின்னால் ஸ்டாலின் பெயரை மட்டும் எடுத்துவிட்டார்கள். குதிர்காவின் பாட்டைப் பாடுவது அதன் பிறகு ஆபத்தான காரியம். ஆகவே 1955 முதல் 1985 வரை எந்தத் திருவிழாவைப் பார்த்தாலும், எல்லோருக்கும் நினைவிருக்கிற ஒரு பாட்டை யாரும் பாடாமல் நிற்கிறார்கள் என்பதையும் சேர்த்தே பார்க்கணும்.

நாட்டுப்புறப் பாட்டைக் காதால் பிரித்தறியுங்கள்

மேடையில் வருகிற நாட்டுப்புறப் பாட்டெல்லாம் கிராமத்தில் பாடியது போலவே இருக்கும் என்று நினைக்காதீர்கள். 1940-இல் யோனாஸ் ஷ்வேதாஸ் தொடங்கிய 'லித்துவேனியா' அரசு இசை நடனக் குழு போன்றவை அதை மேடைக்கென்று மெருகேற்றின. குரல்கள் ஒன்றோடொன்று இனிமையாகப் பொருந்தும், எல்லோர் உடையும் ஒரே அளவு, புன்னகையும் ஒரே அளவு. அழகுதான், அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, அந்தக் குழுக்களில் பாடியவர்கள் உயிரைக் கொடுத்துப் பாடினார்கள்.

ஆனால் அதற்குப் பக்கத்தில் வைத்து ஒரு 'சுதர்த்தினே' கேளுங்கள். வடகிழக்கு லித்துவேனியாவின் பெண்கள் இரண்டு பேர், மூன்று பேர், நான்கு பேராகப் பாடிய மிகப் பழைய வகை. பெயரே 'ஒத்துப்போதல்' என்ற சொல்லிலிருந்து வந்தது, கேட்டால் நேர்மாறாக இருக்கும். எப்படி இருக்கும் என்று தெரிய ஒரு சின்ன வேலை செய்யுங்கள். வீட்டில் இருக்கிற யாரையாவது கூப்பிட்டு ஒரு ஸ பிடித்து விடாமல் நிற்கச் சொல்லுங்கள். நீங்கள் அதே நேரத்தில் ரி பிடியுங்கள். பத்து வினாடிக்குள் இரண்டு பேரில் ஒருவர் மற்றவரின் சுரத்துக்கு வழுக்கிவிடுவார், இல்லை சிரித்துவிடுவார். வழுக்காமல் நின்றால் காதுக்குள் ஒரு அதிர்வு கேட்கும், மணியை அடித்துவிட்டு விளிம்பில் காது வைத்தது போல ஒரு ரீங்காரம். அந்த அதிர்வுதான் சுதர்த்தினேயின் உயிர். இருவரும் வெவ்வேறு வரிகளை, வெவ்வேறு மெட்டில், அந்த ஒரு சுர இடைவெளியில் மோதவிட்டுக்கொண்டே பாடுவார்கள். பார்வையாளருக்காகப் பாடுவதே இல்லை, ஒருவரை ஒருவர் பார்த்து நின்று பாடுவது.

இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியிலேயே இது கிராமங்களில் ஏறக்குறைய மறைந்துவிட்டது. 1960-களின் கடைசியிலிருந்து நகரத்து மாணவர்கள் ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு கிழவிகளைத் தேடிப் போனார்கள், மெருகேற்றாத பாட்டைக் கற்றுக்கொண்டு வந்து தங்களுக்குள் பாடினார்கள். 1967-இல் கெர்னவே என்ற பழைய கோட்டை மேடுகள் இருக்கும் ஊரில் கோடைக்காலக் குறுகிய இரவின் திருநாளைத் தீ மூட்டிப் பாடிக் கொண்டாடினார்கள். அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவரான யோனாஸ் திரின்கூனாஸ் பின்னர் பல்கலைக்கழக வேலையை இழந்தார். பெரிய மேடையில் பல்லாயிரம் பேர் பாடுவதை அரசு தானே செலவு செய்து நடத்தியது, காட்டோரத்தில் நூறு பேர் கேட்காமல் கொள்ளாமல் பாடியபோது அதே அரசு கண்காணித்தது. இரண்டையும் சேர்த்து வைத்துக் கேட்காவிட்டால் பெரிய மேடையை முழுசாகப் புரிந்துகொள்ள முடியாது.

மேடைக்கு வெளியே போங்கள்

குழுவில் பாடிய யாருக்கும் தெரியும், நிகழ்ச்சி நாள் என்பது கடைசித் துளி மட்டுமே. ஐந்து வருடத்துக்கு ஒரு திருவிழா என்றால் அதற்கு நடுவில் ஊர் ஊராகக் கலாச்சார மன்றங்களிலும் பள்ளிகளிலும் தொழிற்சாலைகளிலும் வாராவாரம் ஒத்திகை. பால் பண்ணையில் வேலை செய்கிறவரும் கணித ஆசிரியரும் பக்கத்துப் பக்கத்தில் நின்று ஒரே வரியை முப்பது தடவை பாடிப் பழகுவார்கள். தாய்மொழியில், பாட்டன் காலத்து மெட்டில். எங்கே மூச்சு எடுக்கணும், எந்தச் சொல்லை அழுத்தணும் என்று பேசிப் பேசி அந்த வரி உடம்பில் ஊறிவிடும். யாரோடு ஒரே குரலாகப் பாடமுடிகிறது என்பது ஒரு சின்ன ஊரில் எவ்வளவு பெரிய நம்பிக்கை என்பதைக் கணக்கில் எடுங்கள். நாடு முழுக்க ஒரே பாட்டுகளை மனப்பாடமாகத் தெரிந்த பல்லாயிரம் பேரை, ஒரே நாளில் ஒரே இடத்தில் கூடத் தெரிந்தவர்களாக, அந்த அரசு தன் கைக்காசைப் போட்டுத் தயார் செய்துகொண்டிருந்தது.

முடிந்தால் கடல் தாண்டியும் ஒரு தடவை பாருங்கள். 1944-இல் சோவியத் படை திரும்பி வருமுன் மேற்கே ஓடியவர்களில் பலர் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார்கள், 1956-இல் சிகாகோவில் அவர்கள் தங்கள் முதல் பாட்டுத் திருவிழாவை நடத்தினார்கள். அங்கே குதிர்காவின் கீதத்தைத் தடையில்லாமல் பாடலாம், சுதந்திர லித்துவேனியாவின் மூவர்ணக் கொடி பிடிக்கலாம். வில்னியஸ் நிரலையும் சிகாகோ நிரலையும் பக்கத்தில் வைத்தால் இரண்டிலும் வருகிற பாட்டுகள் எவை என்று வட்டம் போடுங்கள். பிரிந்துபோன இரண்டு பாதிகளுக்கும் பொதுவாக மிஞ்சியது அந்த வட்டங்களுக்குள் இருக்கும்.

கடைசியாக, ஒரே மேடையை இரண்டு முறை பாருங்கள்

வில்னியஸின் விங்கிஸ் பூங்காவில் இருக்கிற அந்த வளைந்த கூரை மேடை 1960-இல், சோவியத் லித்துவேனியாவின் 20-ஆம் ஆண்டு விழாத் திருவிழாவுக்காகக் கட்டியது. எஸ்தோனியத் தலைநகர் தாலினில் இருக்கும் பாட்டு மேடையைப் பார்த்தால் இதன் அக்கா போலவே இருக்கும். முதலில் அங்கே நடந்த ஏதாவது ஒரு திருவிழாக் காணொளியைப் பாருங்கள்.

அப்புறம் 1988-க்கு வாருங்கள். அந்த வருடம் ஜூன் 3 அன்று 'சாயூதிஸ்' என்ற லித்துவேனிய மக்கள் இயக்கம் தொடங்கியது. சீக்கிரமே அதன் தலைவரானவர் வீதவுதாஸ் லாண்ட்ஸ்பெர்கிஸ், ஓர் இசை வரலாற்றுப் பேராசிரியர். ஜூலை 9 அன்று இதே விங்கிஸ் பூங்காவில் சுமார் ஒரு லட்சம் பேர் கூடினார்கள். ஆகஸ்ட் 23 அன்று, ஸ்டாலினும் ஹிட்லரும் 1939-இல் போட்ட ரகசிய ஒப்பந்தத்தின் நினைவு நாளில், அதைவிடப் பெரிய கூட்டம், ஒன்றரை லட்சத்துக்கும் மேல். எந்த வழியாக வரணும், எங்கே நிற்கணும், எப்படிக் கலையணும் என்று அந்த மக்களில் ஏராளமானோருக்கு ஏற்கனவே தெரியும், ஐந்து வருடத்துக்கு ஒரு முறை அங்கேதான் வந்து பாடியிருக்கிறார்கள். மேடையிலும் கூட்டத்திலும் அதுவரை மறைத்து வைத்திருந்த மஞ்சள் பச்சை சிவப்புக் கொடி. எஸ்தோனிய ஓவியர் ஹெய்ன்ஸ் வால்க் அந்தக் கோடையில் 'பாடும் புரட்சி' என்று பெயர் வைத்தது எஸ்தோனியா, லாத்வியா, லித்துவேனியா மூன்றுக்கும் ஒட்டிக்கொண்டது. 1990 மார்ச் 11-இல் லித்துவேனியா சுதந்திரத்தை மீண்டும் அறிவித்தது.

1988-இன் கூட்டக் காணொளி கிடைத்தால் அவர்கள் 'தவுதிஷ்கா கியெஸ்மே' பாடுகிற இடத்தைத் தேடி எடுங்கள். ஒலியை முழுசாக நிறுத்திவிடுங்கள். கூட்டத்தில் நரைத்த தலையுள்ள ஒருவரைத் தேர்ந்தெடுத்து அவர் உதட்டை மட்டும் பாருங்கள். 1950-இல் அந்தப் பாட்டு மேடையிலிருந்து போனபோது அவருக்கு இருபது வயது என்றால் இப்போது ஐம்பத்தெட்டு. கையில் காகிதம் இருக்கிறதா, எங்கேயாவது வார்த்தைக்குத் தடுமாறுகிறாரா, பக்கத்தில் நிற்கிற இளம்பெண் அவர் உதட்டைப் பார்த்துப் பாடுகிறாளா என்று கவனியுங்கள். பிறகு ஒலியைத் திறந்து, அதே இடத்திலிருந்து மறுபடி ஓடவிடுங்கள்.